லிஃப்ட்காரரின் முதுகு

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் அந்த வார்த்தை லிஃப்ட்காரரின் முதுகில் வந்து விழுந்தது.

"அன்டுவர்ட்."

லிஃப்டில் இரண்டே பேர். பொத்தான் பலகையைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் ஒருவர். அவருக்குப் பின்னால், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்த டைரக்டர் மேடம் இன்னொருவர்.

மேடம் போனில் பேசும் இங்கிலீஷ், லிஃப்ட்காரரைப் பொறுத்தவரை மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடும், நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அதற்குள் அவருக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைகள் வந்துவிட்டன.

"தி லிஃப்ட் மேன் ஈஸ் ஆல்வேஸ் அன்டுவர்ட்," என்றார் மேடம்.

கொஞ்சம் நிறுத்தி, இன்னும் அழுத்தமாக அதையே திரும்பச் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. பிறகு திடீரென்று இறங்கி, "எஸ் சார். சாரி சார்," என்றார்.

லிஃப்ட்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அந்தக் கட்டடத்தில் மேடத்துக்கு மேலே இருந்தது தண்ணீர்த் தொட்டி மட்டும்தான். அப்படிப்பட்டவரே ஒருவரை 'சார்' என்கிறார் என்றால், அது கம்பெனி முதலாளியாகத்தான் இருக்க வேண்டும். முதலாளியிடம் லிஃப்ட் மேனைப் பற்றி ஒரே புகாரை மூன்று தடவை சொல்கிறார் என்றால், விஷயம் முற்றிவிட்டது.

போன மாதம்தான் எதிர்க் கட்டடத்தில் தானே ஓடும் லிஃப்ட் போட்டு, அங்கிருந்த லிஃப்ட்காரரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். புது லிஃப்டில் ஒரு பெண் குரல், கதவு மூடுகிறது, கதவு திறக்கிறது என்று சொல்கிறதாம். நம் வேலைக்கு உடம்பே தேவையில்லை, குரல் மட்டும் போதும் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார். இந்த வயதில் ஏறுவதையும் இறங்குவதையும் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

எட்டாவது மாடியில் மேடம் இறங்கியதும், லிஃப்டை நேரே மூன்றாவது மாடிக்கு விட்டார்.

மூன்றாவது மாடியில் கணக்கர் ஒருவர் இருந்தார். கட்டடம் முழுவதும் அவருக்கு 'அகராதி' என்று பெயர். இங்கிலீஷில் எந்த வார்த்தைக்கும் அர்த்தம் சொல்வார் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நம்பினார். கூப்பிட்டவர்கள் வேறு காரணம் வைத்திருந்தார்கள்.

"சார், அன்டுவர்ட்னா என்ன சார்?"

அகராதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியாத வார்த்தை வந்தால் துடைப்பார். தெரிந்த வார்த்தை வந்தாலும் துடைப்பார், யாரும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடக் கூடாதல்லவா?

"டுவர்ட்னா என்ன, சொல்லுங்க?"

"அதுவும் தெரியாதுங்களே."

"நோக்கி. கதவை நோக்கிப் போறான், வீட்டை நோக்கிப் போறான்னு சொல்றோமே, அந்த நோக்கி. சரி, ஹாப்பின்னா சந்தோஷம். அன்ஹாப்பின்னா?"

"சோகம்."

"அப்ப டுவர்ட்னா நோக்கி. அன்டுவர்ட்னா?"

"நோக்காம...?"

"பாத்தீங்களா, உங்களுக்கே வந்துருச்சு! ஒருத்தரை நோக்காம, முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கறது. மரியாதை கெட்டதனம்னு ஒரு உள்ளர்த்தமும் உண்டு. ஆமா, யாரு யாரைச் சொன்னாங்க?"

"சும்மா, காதுல விழுந்துச்சு சார்," என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் மெதுவாகத் திரும்பி நடந்தார். திரும்பியவுடன், தான் அகராதிக்கும் முதுகைக் காட்டிவிட்டதை உணர்ந்து திடுக்கிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாருக்காவது அவர் முகம் தெரியுமா? பொத்தான்களுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமும் வந்தவர் போனவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டியே சம்பளம் வாங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஸ்டூலைத் திருப்பிப் போட்டார்.

இப்போது ஆட்களை நோக்கி உட்கார்ந்தாயிற்று. ஆனால் பொத்தான்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. கையைப் பின்னால் விட்டுத் தடவித் தடவி அழுத்தினார். முதல் பயணத்தில் நாலுக்குப் பதிலாக ஏழு. இரண்டாவது பயணத்தில் எல்லா மாடியும். மூன்றாவது பயணத்தில் அபாய மணி. மணி அடித்ததும் கீழே காவலாளி ஓடி வந்து கம்பிக் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே ஆறு பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, லிஃப்ட்காரர் அவர்களை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. மரியாதையா போய்க்கிட்டு இருக்கோம்."

பத்து மணிக்கு மேடம் வந்தார். ஒயர் காதில் இருந்தது, பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்டுக்குள் காலை வைத்தவர், எதிரே ஒரு முகத்தைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

"நான் அப்புறம் பேசறேன்," என்று தமிழில் சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கினார். "என்ன?"

"ஒண்ணுமில்லைங்க மேடம்."

"எதுக்கு என்னையே பாக்கறீங்க?"

"இனிமே இப்படித்தாங்க மேடம்," என்றார் லிஃப்ட்காரர், தவறைத் திருத்திக்கொண்டவரின் பணிவோடு.

மேடம் நான்காவது மாடியிலேயே இறங்கி மிச்ச மாடிகளை நடந்தே ஏறினார்.

அன்று சாயங்காலம் நடந்ததையெல்லாம் லிஃப்ட்காரர் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டே எட்டு ஊசியாகப் பேசக்கூடியவர்.

"எப்படிப் பாத்தீங்க? பாத்துக் காட்டுங்க."

லிஃப்ட்காரர் பார்த்துக் காட்டினார்.

"அய்யய்ய! கழுத்தறுக்க வந்தவன் மாதிரி முறைச்சா யாருதான் நிப்பாங்க? கொஞ்சம் சிரிச்ச முகமா பாருங்க."

"எட்டு மாடிக்குமா?"

"ஏறும்போது மட்டும் சிரிச்சிட்டு இறங்கும்போது உம்முனு இருப்பீங்களா?"

அவர் சிரித்துப் பழகியவர் அல்ல. கண்ணாடி முன் நின்று, வாயை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்து ஒரு சிரிப்பைத் தயார் செய்தார். சிரிப்பு மோசமில்லை. ஆனால் மூடிய இரும்புப் பெட்டிக்குள், ஒரு வார்த்தை பேசாமல், கண்ணைச் சிமிட்டாமல், கீழிருந்து மேல்வரை ஒரே அளவாகச் சிரிக்கும் மனிதரோடு தனியாகப் போவது எப்படி இருக்கும் என்பதைக் கணவனும் யோசிக்கவில்லை, மனைவியும் யோசிக்கவில்லை.

மறுநாள் படிக்கட்டில் கூட்டம் நெரிந்தது. மூட்டு வலிக்காரர்கள்கூட "நடக்கறது உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு ஏறினார்கள். மேடம் அந்தச் சிரிப்பை ஒரே ஒரு தடவை பார்த்தார். கையிலிருந்த போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அப்படியே பின்வாங்கினார்.

அதற்குப் பிறகு அவர் லிஃப்ட் பக்கமே வரவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேடம் ஒளிந்து நின்று போனில் பேசியதைக் குழாய் பார்க்க வந்தவர் பார்த்தாராம். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, யாரிடமோ "சாரி சார், சாரி சார்" என்று கெஞ்சினாராம்.

'நம்மளை வேலைக்கு வச்சதுக்கு முதலாளிகிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க போல,' என்று லிஃப்ட்காரர் உருகிப்போனார். தன் முதுகால் ஒரு நல்ல மனுஷி வெயிலில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

மறுபடியும் அகராதியிடம் ஓடினார்.

"நோக்கினாலும் ஓடறாங்க சார்."

"எப்படி நிப்பாங்க? நாலுன்னு சொன்னா ஏழுல இறக்கறீங்க. ஒழுங்கா நோக்கணும், ஒழுங்கா அழுத்தவும் செய்யணும். ரெண்டும் நடக்கணும்னா..." அகராதி கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே உற்றுப் பார்த்தார். "கண்ணாடி! அவங்க தலைக்குப் பின்னால சுவத்துல ஒரு கண்ணாடி மாட்டுங்க. நீங்க அவங்களை நோக்கினபடியே இருக்கலாம். உங்க முதுகுக்குப் பின்னால இருக்கற பொத்தானெல்லாம் அதுல தெரியும்."

லிஃப்ட்காரர் மனைவியின் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினார். "துணி அளவு பாக்க வர்றவங்களுக்கு இப்ப என்னத்தைக் காட்டறது, உங்க மூஞ்சியையா?" என்று மனைவி வாசல்வரை வந்து கத்தினார்.

கண்ணாடியில் பொத்தான்கள் பளிச்சென்று தெரிந்தன. என்ன, எல்லாம் திரும்பித் தெரிந்தன. ஒன்றும் எட்டும் தப்பித்தன. இரண்டு மட்டும் அச்சு அசலாக ஐந்து மாதிரி நின்றது, ஐந்து இரண்டு மாதிரி நின்றது. அன்று ஐந்தாவது மாடிக்கு வேலை கேட்டு வந்த ஓர் இளைஞரை இரண்டாவது மாடி கேன்டீனில் இறக்கிவிட்டார். அங்கே, ஒரே நேரத்தில் எத்தனை டீ டம்ளர் தூக்குவாய் என்று கேட்டார்கள். அந்த இளைஞர் இந்தக் காலத்தில் நேர்காணலெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒன்பது என்று சொல்லி, தூக்கியும் காட்டினார். அவரைக் கண்டுபிடித்து ஐந்தாவது மாடிக்கு அழைத்துப் போக ஆள் வந்தபோது, கேன்டீன்காரர் விடமாட்டேன் என்றுவிட்டார்.

அன்று பார்த்து மேடம், அவசரக் கூட்டம் ஒன்றுக்கு இரண்டாவது மாடி போக வேண்டியிருந்ததால், வேறு வழியின்றி லிஃப்டில் ஏறினார். ஏறியவர் சரியாகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். பொத்தான்கள் மறைந்துவிட்டன.

லிஃப்ட்காரர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார், "மேடம், தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க."

"என்னது?"

"குனியுங்க மேடம். இல்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

கம்பெனியில் நானூறு பேர் யாரைக் கண்டால் தலை குனிவார்களோ, அவர் தலை குனிந்தார். குனிந்தபடியே ஐந்தாவது மாடியில் போய் இறங்கினார்.

அன்று மதியம் கீழே வரவேற்பு மேசையில் இருந்த அக்கா லிஃப்ட்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வந்தவர் போனவர் எல்லோரும் அவரிடம்தான் புகார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"என்னண்ணே இதெல்லாம்? எல்லாரையும் முறைச்சுப் பாக்கறீங்களாம், சிரிக்கறீங்களாம், கண்ணாடி வேற மாட்டியிருக்கீங்களாம். இத்தனை வருஷமா நீங்க இருக்கற இடமே தெரியாதே!"

லிஃப்ட்காரர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். "மேடம்தான் முதலாளிகிட்ட சொன்னாங்க, அன்டுவர்ட்னு. அதான் திருத்திக்கிட்டேன்."

அக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. "அந்த வார்த்தையா சொன்னாங்க? அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"முதுகைக் காட்டறது."

"யாரு சொன்னா?"

"அகராதி."

"அந்த ஆளைக் கொண்டுபோய்..." அக்கா பல்லைக் கடித்தார். "அண்ணே, அன்டுவர்ட்னா ரெண்டு அர்த்தம் உண்டு. ஒண்ணு, அசம்பாவிதம். 'அசம்பாவிதம் எதுவும் நடக்காமல் கூட்டம் முடிந்தது'ன்னு செய்தியில வாசிப்பாங்கள்ல, அது."

"இன்னொண்ணு?"

அக்கா அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "தகாத. 'தகாத முறையில் நடந்துகொண்டார்'னு போடுவாங்களே, அந்தத் தகாத."

லிஃப்ட்காரருக்குக் காலுக்குக் கீழே லிஃப்ட் இல்லாமலே தரை இறங்கியது. தகாத ஆள் என்று ஒரு பெண்மணி புகார் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்மணியைப் பார்த்து விடாமல் முறைத்தோம். பிறகு சிரித்தோம். பிறகு கண்ணாடி மாட்டினோம். கடைசியில் குனியச் சொன்னோம்.

"அக்கா, நான் திருந்தத்தான் அப்படி..."

"திருந்தறதுக்கு முன்னாடியே நல்லாத்தான் இருந்தீங்க. நாளைக்குக் காலையில எட்டாவது மாடிக்கு வரச் சொல்லி மேடம் ஆள் விட்டிருக்காங்க."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"கல்யாணமானதுல இருந்து என்னைப் பாத்து ஒரு தடவை சிரிச்சிருக்கீங்களா?"

"நீதானேடி சிரிக்கச் சொன்ன!"

"அவங்களைப் பாத்துச் சிரிங்கன்னு சொன்னேன், சரி. இங்க சிரிக்கக் கூடாதுன்னா சொன்னேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு நானும் வர்றேன். நீங்க வாயைத் திறக்காதீங்க. நீங்க திறந்தா இருக்கற வேலையோட சேத்து மானமும் போயிரும்."

மறுநாள் மனைவி லிஃப்டில் ஏற மறுத்துவிட்டார். "இவர் ஓட்டறதுல ஏறி நான் எங்க போய் இறங்கறது?" என்று படிக்கட்டிலேயே எட்டு மாடியும் ஏறினார். மேலே வந்து சேர்ந்தபோது பேச வேண்டிய பேச்சில் பாதி மூச்சோடு போய்விட்டிருந்தது. மிச்சப் பாதியை மேடத்தின் அறைக்குள் நுழைந்ததும் கொட்டினார்.

"அம்மா, இவர் ஒரு மாதிரிப்பட்ட ஆளுன்னு நீங்க நினைச்சா அது தப்பு. அதுக்கெல்லாம் ஒரு திறமை வேணும்மா. இவருக்கு அது பத்தாது."

"யாரு என்ன நினைச்சாங்க?" என்றார் மேடம்.

"மேடம், அன்னிக்கு லிஃப்ட்ல போன்ல சொன்னீங்களே..." என்று லிஃப்ட்காரர் வாயைத் திறந்துவிட்டார்.

மேடத்தின் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போன்ல பேசினதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா? எவ்வளவு நாளா?"

"அன்னிக்கு மட்டும்தாங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும்தாங்க. அன்டுவர்ட்."

"உங்களுக்கு... இங்கிலீஷ் தெரியுமா?"

"இவருக்கா?" என்று மனைவி நொடித்தார். "வீட்டுல மருந்து பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம, ஒரு வாரம் இருமல் மருந்தைத் தலைக்குத் தேச்சுக்கிட்ட மனுஷன்மா."

மேடம் நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது.

"நீங்க அதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

லிஃப்ட்காரர் அகராதியையும் அக்காவையும் நினைத்தார். மனைவி அவர் காலை மிதித்தார்.

"இல்லைங்க மேடம்."

"நல்லது. உங்க மேல ஒரு புகாரும் இல்ல. உங்க வேலைக்கும் ஒரு ஆபத்தும் இல்ல. நான் இங்க இருக்கற வரைக்கும் தானா ஓடற லிஃப்டெல்லாம் இந்தக் கட்டடத்துக்குள்ள வராது." மேடம் முன்னால் குனிந்தார். இப்போது கிட்டத்தட்டக் கெஞ்சினார். "ஆனா ஒரே ஒரு உதவி. தயவுசெஞ்சு அந்தக் கண்ணாடியைக் கழட்டிருங்க. பழையபடி சுவத்தைப் பாத்து உக்காருங்க. யாரையும் பாக்க வேண்டாம், யாரைப் பாத்தும் சிரிக்க வேண்டாம். முக்கியமா என்னை."

"முதுகைக் காட்டிக்கிட்டேவா மேடம்? மரியாதையா இருக்காதே."

"எனக்கு அதுதான் மரியாதை."

வெளியே வந்ததும் மனைவி, "பெரிய இடத்து மனுஷங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாது போலிருக்கு. வேலை நிலைச்சுதே, அது போதும்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கிப் போனார்.

லிஃப்ட்காரர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பொத்தான்கள் எல்லாம் நேராக, தத்தம் இடத்தில் இருந்தன. இரண்டு இரண்டாக இருந்தது, ஐந்து ஐந்தாக இருந்தது. பல நாள் வெளியூர் போய்விட்டு வீடு திரும்பியவர்போல அவற்றை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். ஒன்று மட்டும்தான் அவருக்கு விளங்கவில்லை. புகார் இல்லை என்றால், முதலாளியிடம் அந்த வார்த்தையை எதற்காக மூன்று தடவை சொன்னார்?

மதியம் மேடம் லிஃப்டில் ஏறினார். லிஃப்ட்காரரின் முதுகைப் பார்த்ததும் அவர் நடையில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டார். கம்பிக் கதவு மூடியது. கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினார் லிஃப்ட்காரர்.

ஒயரின் ஒரு முனை மேடத்தின் காதில் இருந்தது. மறுமுனை போனில் இல்லை, தரையைத் தொட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் அதைக் கவனிப்பதற்குள், பொறுமை இழந்த ஒரு கிழவரின் குரல் போனிலிருந்து லிஃப்ட் முழுக்க அதிர்ந்தது:

"மேடம், அன்டுவர்ட்னா முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதுன்னு அர்த்தம் இல்லவே இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? அந்த லிஃப்ட்காரரை விட்டுட்டு வேற ஒரு வாக்கியம் சொல்லுங்க, அப்பதான் அடுத்த பாடம்!"